காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது? அவசரப் பிரிவில் ரத்த முடிவுகளைப் படிக்கும் முறை

அந்த அம்மா மாலை ஏழு மணிக்கு வந்தார். வயது 58. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். மதியம் இரண்டு மணிக்கு உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்நடுக்கம், அதன் பின் காய்ச்சல். மகன் இருசக்கர வாகனத்தில் உட்காரவைத்து அழைத்து வந்திருந்தார். வெப்பநிலை 101.6, நாடித்துடிப்பு 104, ரத்த அழுத்தம் 118/70. ரத்தம் எடுத்து அனுப்பினேன். வெள்ளணுக்கள் 9,800. அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பி 14. "பயப்பட ஒன்றுமில்லை அம்மா, வைரஸ் காய்ச்சல்தான்" என்று சொல்லி, பாராசிட்டமால் எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தம் 74/40. சிஆர்பி 118. சிறுநீரகத்தில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் ஏறியிருந்தது. பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு வீடு திரும்பினார்.

அந்த 14 தவறான எண் அல்ல. ஆய்வகம் சரியாகத்தான் அளந்திருந்தது. காய்ச்சல் தொடங்கி ஐந்து மணி நேரத்தில் சிஆர்பி அவ்வளவுதான் இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று முதல் எந்த ரத்த முடிவைக் கையில் வாங்கினாலும், எண்ணைப் பார்க்கும் முன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது?

வட தமிழ்நாட்டின் ஒரு நகரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாக இரவுப் பணிக்கு வரும் மருத்துவர்களுக்கும், அவர்களுக்கு முன்பே நோயாளியைப் பார்த்துவிடும் செவிலியர்களுக்கும் இதை எழுதுகிறேன். இது வயது வந்தவர்களுக்கான முறை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கு வேறு. புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர் காய்ச்சலோடு வந்தால் இங்கே சொல்லும் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றிவிட வேண்டும்.

ரத்தம் எடுப்பதற்கு முன்

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எண்ணாமலேயே எல்லோருக்கும் 18 என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. ரத்த அழுத்தம் விழுவதற்கு மணிக்கணக்கில் முன்பே மூச்சு வேகம் எடுத்துவிடும். அதைப் பார்த்துக்கொண்டே பெயர், ஊர், இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்திவிட்டு நிறம் மூன்று விநாடிக்குள் திரும்புகிறதா என்று பாருங்கள். முழங்கால் மேல் தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கிறதா என்று புடவையை, வேட்டியை விலக்கிப் பாருங்கள். கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று கேளுங்கள்.

இந்த ஐந்து நிமிடத்திலேயே நோயாளி சரிந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தால், புரோகால்சிடோனின் என்ன, சிஆர்பி என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை உறுப்புகளையே கெடுக்கும் நிலை. அதன் சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதல் 2021ல் திருத்தப்பட்டபோது இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கும், செப்சிஸ் இருப்பதற்கான வாய்ப்பு மிகுதியாக உள்ளவருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக். அதிர்ச்சி இல்லாமல், தொற்றுதானா என்ற சந்தேகம் மட்டும் இருப்பவரை விரைந்து பரிசோதித்து, சந்தேகம் தீராவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும். ரத்தக் குறிகாட்டிகளுக்கு வேலை இருப்பது இந்த இரண்டாவது நோயாளியிடம், அந்த மூன்று மணி நேரத்தில்தான். முதலாமவரிடம் அவற்றைக் கொண்டு முடிவெடுக்கப் பார்ப்பது அவருடைய நேரத்தைத் திருடுவது.

நேரத்தை எப்படிக் கேட்பது

"எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்டால் "இரண்டு நாளாக" என்று பதில் வரும். நேற்று இரவு பதினோரு மணிக்குத் தொடங்கியதும் இரண்டு நாள்தான், முந்தாநாள் விடியற்காலை தொடங்கியதும் இரண்டு நாள்தான். முதல் ஆளுக்கு எட்டு மணி நேரம், இரண்டாம் ஆளுக்கு ஐம்பது மணி நேரம். ரத்தத்தில் இவர்கள் இருவரும் வேறு வேறு மனிதர்கள்.

அதனால் நான் வேலையோடும் சாப்பாட்டோடும் சேர்த்துக் கேட்பேன். முதன்முதலில் போர்வை கேட்டது எப்போது? அன்று மதியச் சாப்பாடு இறங்கியதா? நூறு நாள் வேலைக்குப் போனாரா, பாதியில் திரும்பினாரா? பால் கறக்கும் நேரத்தில் எழுந்தாரா? வீட்டுப் பெண்களைக் கேட்டால் பெரும்பாலும் மணி பிசகாமல் சொல்லிவிடுவார்கள். கிடைத்த விடையை ஆய்வகப் படிவத்தின் மேல் ஓரத்தில் எழுதிவிடுங்கள்: "காய்ச்சல், 31வது மணி."

அடுத்த கேள்வி, இங்கு வருமுன் என்ன மருந்து போனது? மருந்துக்கடையில் வாங்கிய நான்கு மாத்திரையில் ஒன்று அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்காக இருக்கும். ஊர் மருத்துவர் போட்ட ஊசியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். அது காய்ச்சலை இறக்கிவிடும், கூடவே நியூட்ரோபில் வெள்ளணுக்களை ஏற்றிவிடும். இரண்டுமே உங்களை ஏமாற்றும். பெயர் தெரியாது என்றால் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையெனில் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஊசி குத்தும்போது

முதலில் கல்ச்சர் பாட்டில்கள், பிறகுதான் மற்ற குழாய்கள். வரிசை மாறினால் குழாய்களில் இருக்கும் அழுக்கு கல்ச்சருக்குப் போய்விடும். இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி, ஒவ்வொரு இடத்திலிருந்தும் 20 மில்லி வரை எடுத்து, பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி விட வேண்டும். "இவ்வளவு ரத்தமா?" என்று உடன் வந்தவர்கள் பதறுவார்கள். பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள். வயது வந்தவரின் ரத்தத்தில் கிருமி ஓடும்போதுகூடப் பல நேரங்களில் ஒரு மில்லிக்கு ஒன்றுகூடத் தேறாது. மூன்று மில்லி எடுத்து ஒரே பாட்டிலில் விட்டுவிட்டு, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்று எழுதுவது வெறும் வலையை ஒருமுறை வீசிவிட்டு ஏரியில் மீனே இல்லை என்று சொல்வதைப் போன்றது. தோலில் தடவிய மருந்து காய்ந்த பிறகே குத்த வேண்டும். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

ஊதா மூடிக் குழாய் அணுக்கள் எண்ண. சாம்பல் மூடிக் குழாய், திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட்டுக்கு. லாக்டேட் எடுக்கும் கையில் கட்டுப் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைக்காதீர்கள், கையை மூடித் திறக்கச் சொல்லாதீர்கள். எடுத்ததை ஐஸில் வைத்து உடனே அனுப்புங்கள். மேசைமேல் அரைமணி நேரம் கிடந்தால் குழாய்க்குள்ளேயே லாக்டேட் ஏறும். சலைன் ஏறிக்கொண்டிருக்கும் கையில் எதற்கும் ரத்தம் எடுக்காதீர்கள்.

சிஆர்பி

1930ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரில் இதைக் கண்டார்கள். நிமோகாக்கஸ் கிருமியின் 'சி' என்று பெயரிடப்பட்ட பொருளோடு அது ஒட்டிக்கொண்டு படிந்தது. நோயாளி தேறியதும் ரத்தத்திலிருந்து காணாமல் போனது. அதாவது அதன் முதல் கண்டுபிடிப்பிலேயே நேரக் கணக்கு இருக்கிறது.

கல்லீரல்தான் இதைச் செய்கிறது. உடலில் எங்கேயோ அழற்சி கிளம்பி, இன்டர்லூகின்-6 என்ற தூதுப்பொருள் கல்லீரலைச் சேர்ந்து, அங்கே உற்பத்தி தொடங்கி, ரத்தத்தில் தெரிய ஆறு மணி நேரமாவது ஆகும். உச்சத்தைத் தொட ஏறக்குறைய 48 மணி நேரம். காரணம் நின்றுவிட்டால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும், பாதி ஏமாற்றங்களிலிருந்து தப்பிவிடலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட காய்ச்சலில் குறைந்த சிஆர்பி எதையும் நிரூபிக்காது. மூன்றாம் நாள் காய்ச்சலில் சிஆர்பி 8 என்றால் அதற்குப் பெருமதிப்பு உண்டு. நானே நிம்மதியாக மூச்சு விடுவேன்.

மறுபக்கமும் உண்டு. மருந்து வேலை செய்யத் தொடங்கிய முதல் நாளில் சிஆர்பி இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஆன்டிபயாடிக்கை மாற்றாதீர்கள்.

எவ்வளவு இருந்தால் பாக்டீரியா? பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014ல் மருத்துவமனைக்கு வெளியே வரும் நுரையீரல் தொற்றுக்கு ஒரு கோடு போட்டது. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் வழக்கமாக ஆன்டிபயாடிக் வேண்டாம், 100க்கு மேல் இருந்தால் கொடுங்கள், இடைப்பட்டவர்களுக்குச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, நோய் கூடினால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள் என்றது. நுரையீரலுக்கு வைத்த அந்தக் கோட்டை எல்லாக் காய்ச்சலுக்கும் இழுக்க முடியாது. ஆனால் 20, 100 என்ற இரண்டு மைல்கற்கள் மனத்தில் இருப்பது நல்லது.

அலகைக் கட்டாயம் பாருங்கள். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு என்றும் சில டெசிலிட்டருக்கு என்றும் எழுதுகின்றன. வெளியிலிருந்து வந்த சீட்டில் சிஆர்பி 12 என்று இருந்தது, பணியில் இருந்தவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். அது டெசிலிட்டர் கணக்கு, நம் கணக்கில் 120. பத்து மடங்கு வித்தியாசம்.

கல்லீரல் சுருங்கிப்போனவருக்குக் கடும் தொற்றிலும் சிஆர்பி போதுமான அளவு ஏறாது. மூட்டுவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவருக்கு இன்டர்லூகின்-6 தூதுப்பொருளின் வழியே அடைபட்டிருப்பதால் கிட்டத்தட்ட ஏறவே ஏறாது. கணைய அழற்சி, மாரடைப்பு, கீல்வாதம், அறுவை சிகிச்சை ஆகியவற்றில் கிருமியே இல்லாமல் ஏறும்.

புரோகால்சிடோனின்

தைராய்டு சுரப்பியில் கால்சிடோனின் என்ற ஹார்மோனாக மாற வேண்டிய முன்பொருள் இது. ஆரோக்கியமானவர் ரத்தத்தில் இருப்பதே தெரியாது. பாக்டீரியா தாக்கும்போது உடலின் பல திசுக்கள் இதைக் கொட்டுகின்றன. வைரஸ் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா இதன் உற்பத்தியை அமுக்கிவிடுகிறது. 1993ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் செப்சிஸ் நோயாளிகளிடம் இது ஏறுவதைக் காட்டியதிலிருந்து உலகமே இதன் பின்னால் ஓடியது.

கடிகாரத்தில் இது சிஆர்பியை முந்துகிறது. மூன்று நான்கு மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும், ஒரு நாளுக்குள் உச்சம், பிறகு மருந்து பலித்தால் நாளொன்றுக்குப் பாதியாகக் குறையும். மில்லிக்கு 0.1 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பாக்டீரியா இருக்க வாய்ப்புக் குறைவு, 0.25க்கு மேல் சந்தேகம், 0.5க்கு மேல் வலுவான சந்தேகம், 2க்கு மேல் செப்சிஸ் என்பது வழக்கமான வாசிப்பு. முதலில் சொன்ன அந்த அம்மாவுக்கு அன்று மாலை இதைச் செய்திருந்தால் ஒருவேளை ஏறியிருக்கும். 'ஒருவேளை' என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன்.

ஏனென்றால் இதை வைத்து ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவதா என்று முடிவெடுக்கும் முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அமெரிக்காவில் 14 மருத்துவமனைகளில் 1,656 நுரையீரல் தொற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018ல் வெளியானது. புரோகால்சிடோனின் முடிவு மருத்துவர் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் கொடுத்த நாட்களில் மாற்றமே இல்லை. மேலே சொன்ன 2021 வழிகாட்டுதலும், தொடங்குவதற்கு இதை நம்பாதீர்கள், நோயாளியைப் பார்த்து முடிவெடுங்கள் என்கிறது. நிறுத்துவதற்கு இது உதவும் என்பதையும் அதே வழிகாட்டுதல் ஏற்கிறது. நெதர்லாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த பெரிய ஆய்வில், உச்சத்திலிருந்து 80 சதவீதம் குறைந்தாலோ 0.5க்கு இறங்கினாலோ மருந்தை நிறுத்தலாம் என்று வைத்துப் பார்த்தார்கள். ஆன்டிபயாடிக் நாட்கள் குறைந்தன, நோயாளிகளுக்குக் கேடு வரவில்லை.

எங்கள் ஊரில் இந்தச் சோதனைக்கு இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகிறது. கூலி வேலை செய்பவருக்கு அது சில நாள் சம்பளம். ஆகவே என் கேள்வி இதுதான்: முடிவு எப்படி வந்தாலும் நான் செய்யப்போவது ஒன்றுதானா? ஆம் என்றால் அந்தச் சோதனையை எழுத மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள். உள்ளே சேர்த்து, நான்கைந்து நாளில் மருந்தை நிறுத்தலாமா என்று பார்க்கப்போகிறவருக்கு முதல் நாள் ஒன்று எடுத்துவைத்தால் அந்தப் பணத்துக்கு அர்த்தம் உண்டு.

சீழ்க்கட்டி போல ஓரிடத்தில் அடைபட்ட தொற்றில் இது குறைவாகவே இருக்கலாம். மலேரியாவில், சிறுநீரகம் செயலிழந்தவரிடத்தில், தீக்காயத்தில், பெரிய விபத்துக்குப் பின் பாக்டீரியா இல்லாமலே ஏறும். கத்திரி வெயிலில் கட்டட வேலையில் மயங்கி விழுந்து 106 டிகிரியோடு வருபவருக்கும் ஏறும். அவருக்கு முதல் மருந்து ஐஸ் தண்ணீரால் உடம்பைக் குளிரவைப்பது.

ஊதா மூடிக் குழாய்

விலையுயர்ந்த சோதனைகளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, எனக்கு மிகவும் பிடித்தமான சோதனைக்கு வருகிறேன். அணுக்கள் எண்ணிக்கையில் மொத்த வெள்ளணுவை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். நியூட்ரோபில் சதவீதத்தை லிம்போசைட் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். 88ஐ 7ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. பத்தைத் தாண்டினால், மொத்த எண்ணிக்கை சாதாரணமாக இருந்தாலும், நான் மறுபடி படுக்கையருகே போவேன். அந்த அம்மாவின் சீட்டைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தேன். வெள்ளணு 9,800தான், நியூட்ரோபில் 91, லிம்போசைட் 6. செய்தி அங்கே இருந்தது, நான் படிக்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி போட்டவருக்கும் இந்த விகிதம் ஏறும், அதனால்தான் ஊசியைப் பற்றி முன்பே கேட்கச் சொன்னேன்.

கடும் நோயாளிக்கு வெள்ளணு 2,500 என்று வந்தால் வைரஸ் என்று ஆறுதல்படாதீர்கள். எலும்பு மஜ்ஜை தாக்குப்பிடிக்க முடியாமல் போனாலும் அப்படி வரும். ஆய்வக நுட்பநரை அழைத்து, ரத்தப் பூச்சைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். முதிராத நியூட்ரோபில்களையும் அவற்றுள் நச்சுத் துகள்களையும் மலேரியா ஒட்டுண்ணியையும் அவர் பார்த்துச் சொன்னால், அது எந்த இயந்திரத்தின் எண்ணையும்விடப் பெரிது. அவரைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள், அடுத்த முறை அவரே உங்களைக் கூப்பிடுவார். புதிய எண்ணும் இயந்திரங்களில் மோனோசைட் என்ற வகை வெள்ளணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்ற கணக்கும் வருகிறது. அவசரப் பிரிவில் செப்சிஸைச் சந்தேகிக்க அதைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019ல் அனுமதி தந்தது. உங்கள் இயந்திரம் அதைத் தருமானால் தனிச் செலவில்லை.

நம் ஊர்க் காய்ச்சல்கள்

வெளிநாட்டு நூல்களில் 'பாக்டீரியாவா, வைரஸா' என்று கேட்டால் போதும். இங்கே போதாது.

டெங்குவில் வெள்ளணுவும் தட்டணுவும் இறங்கும், கல்லீரல் நொதிகளில் ஏஎஸ்டி, ஏஎல்டியைவிட அதிகமாக நிற்கும், சிஆர்பி பெரும்பாலும் மிதமாகவே இருக்கும். வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை, முதல் நான்கைந்து நாட்களுக்கு; உடலின் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனை, அதற்குப் பிறகு. இதிலும் கேள்வி அதேதான்: எத்தனையாவது நாள்? டெங்குவின் ஆபத்து காய்ச்சல் விடும் நேரத்தில் வருகிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது, வீட்டுக்குப் போகிறோம் என்று அவர்கள் கிளம்பும் நாளில்தான், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமாட்டோகிரிட்டைப் பார்க்க வேண்டும். முதலில் இருந்ததைவிட 20 சதவீதம் ஏறியிருந்தால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது. எல்லோரும் தட்டணுவையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நோயாளி இந்த எண்ணில் கைநழுவிப் போகிறார்.

ஸ்க்ரப் டைபஸ் வேறு விதமாக ஏமாற்றும். ஐப்பசி மழை தொடங்கினால் எங்கள் பிரிவுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருவார்கள். ஆடு மேய்ப்பவர், சுள்ளி பொறுக்கப் போனவர், வரப்போரம் புல் அறுத்தவர். புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்து, செல்லுக்கு உள்ளே வாழும் ஒரு பாக்டீரியாவை விட்டுவிடுகிறது. வருவதற்குள் ஆறேழு நாள் ஆகியிருக்கும். சிஆர்பி 150 இருக்கும், புரோகால்சிடோனினும் ஏறியிருக்கலாம். குறிகாட்டி பாக்டீரியா என்று சரியாகவே சொல்கிறது. நாம் செஃப்ட்ரியாக்சோன் ஏற்றுகிறோம். இந்தக் கிருமியை அது தொடாது. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் அப்படியே, மூச்சுத் திணறல் வேறு சேர்ந்திருக்கும். 'ஆன்டிபயாடிக் கொடுத்தும் சிஆர்பி இறங்கவில்லை' என்று இன்னும் வலுவான, இன்னும் விலையுயர்ந்த மருந்துக்குத் தாவுவார்கள். அதுவும் தொடாது.

இங்கே வேண்டியது இன்னொரு ரத்தக் குழாய் அல்ல, கண். சிகரெட்டால் சுட்டது போல, நடுவே கறுத்த பொருக்கும் சுற்றிச் சிவப்பும் உள்ள புண். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளியே சொல்ல மாட்டார். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ், பாவாடை நாடா இறுகும் இடுப்பு, காதின் பின்புறம், பிறப்புறுப்பு என எல்லா இடத்திலும் திரையை இழுத்துவிட்டுத் தேட வேண்டும். ஒருமுறை நான்கு நாள் வேறெங்கோ சிகிச்சை பெற்று, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்துவிட்டு வந்த பெண்ணுக்கு, எங்கள் மூத்த செவிலியர் துணி மாற்றும்போது இடது மார்பகத்தின் கீழே அதைக் கண்டுபிடித்தார். டாக்சிசைக்ளின் தொடங்கினோம். முப்பத்தாறு மணி நேரத்தில் காய்ச்சல் நின்றது. புண் கிடைக்காவிட்டாலும், ஆறாம் நாள் காய்ச்சல், குறைந்த தட்டணு, இரண்டு மூன்று மடங்கு ஏறிய கல்லீரல் நொதிகள், உயர்ந்த சிஆர்பி ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் ஐஜிஎம் சோதனைக்கு அனுப்பிவிட்டு மருந்தைத் தொடங்கிவிடுவேன். கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2023ல் உலகத்துக்குச் சொன்னது, வேலூர் சிஎம்சி தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு. நம் மண்ணின் நோய்க்கு நம் மண்ணிலிருந்தே விடை வந்ததில் எனக்குப் பெருமை உண்டு.

எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும் இருக்கும். பிலிருபின் எட்டு, பத்து என்று ஏறியிருக்க, கல்லீரல் நொதிகள் அதற்கேற்ப ஏறாமல் மிதமாக நிற்கும். கிரியாட்டினின் ஏறும்போது பொட்டாசியம் குறைந்தே இருக்கும். மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்துக்கு அனுப்பிவிடாதீர்கள். டைபாய்டுக்கு ஒரேயொரு விடால் சோதனையை நம்பாதீர்கள். கல்ச்சர்தான் சாட்சி. மழைக்காலத்தில் வயல் சேற்றில் நிற்கும் சர்க்கரை நோயாளிக்கு நிமோனியாவோ பல இடங்களில் சீழோ வந்தால், மண்ணில் வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் நோய்ச் சந்தேகம் என்று ஆய்வகப் படிவத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் வளர்ந்த கிருமியை வேறேதோ ஒன்று என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு.

லாக்டேட்

இது தொற்றைக் காட்டுவதில்லை, ஆபத்தைக் காட்டுகிறது. லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் என்றால் திரவம் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப எடுங்கள். சில இயந்திரங்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று காட்டும், அதை ஒன்பதால் வகுக்க வேண்டும். வலிப்பு வந்தவருக்கும், சால்பியூட்டமால் நெபுலைசர் பலமுறை வைத்தவருக்கும், சிறுநீரகம் கெட்ட நிலையில் மெட்ஃபார்மின் விழுங்குபவருக்கும் தொற்றில்லாமலே ஏறும்.

புதிதாக வந்திருப்பவை

வைரஸ் தொற்றில் ஏறும் டிரெயில், ஐபி-10 என்ற இரண்டு புரதங்களைச் சிஆர்பியோடு சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகத் தரும் சோதனைக்கு 2021ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வெள்ளணுக்களின் 29 மரபணுச் செய்திகளை அரைமணி நேரத்தில் படித்துச் சொல்லும் கருவிக்கு 2025 ஜனவரியில் கிடைத்தது. எங்கள் பிரிவில் இவை இல்லை. வந்தாலும் நம் ஸ்க்ரப் டைபஸிலும் எலிக்காய்ச்சலிலும் சோதித்துப் பார்த்த பிறகே நம்புவேன்.

அனுப்புவதா, வைத்துக்கொள்வதா

எண்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, ஆனால் காய்ச்சலுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தகையவரை என்ன செய்வது? அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, மண்ணீரல் எடுக்கப்பட்டவர், ஸ்டீராய்டு எடுப்பவர், உடம்பைத் தூக்கிப்போடும் நடுக்கம் வந்தவர் ஆகியோரை நான் அனுப்புவதில்லை. கண்காணிப்புப் படுக்கையில் வைத்து, ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து அணுக்களையும் சிஆர்பியையும் மீண்டும் எடுப்பேன். 14 என்பது 14ஆகவே நின்றால் ஒன்று, 50 ஆனால் வேறொன்று. படுக்கை இல்லை என்று சொல்வார்கள். நாற்காலியில் உட்காரவைத்தாவது வைத்துக்கொள்வேன்.

மற்றவர்களை அனுப்பும்போது சீட்டின் பின்புறம் தமிழில் எழுதிக் கொடுப்பேன்: மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், மீண்டும் நடுக்கம் வந்தால், வயிறு விடாமல் வலித்தால், மணி பார்க்காமல் வாருங்கள். அதை நோயாளியிடம் மட்டும் கொடுக்காமல், வீட்டில் இரவு விழித்திருக்கப்போகிறவரிடம் வாசித்துக் காட்டுவேன்.

கல்ச்சருக்கு அனுப்பிய ஒவ்வொரு படிவத்திலும் வீட்டாரின் கைப்பேசி எண்ணை எழுதுங்கள், ஒன்றல்ல, இரண்டு எண். பாட்டிலில் கிருமி வளர்வது பெரும்பாலும் அடுத்த நாளில் தெரியும். அப்போது நீங்கள் பணி முடிந்து தூங்கிக்கொண்டிருப்பீர்கள், நோயாளி வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். ஆய்வகத்திலிருந்து அழைப்பு வரும்போது, பணியில் இருக்கும் எவரும் அந்தப் படிவத்தைப் பார்த்து அவரை அழைக்க முடிய வேண்டும்.